செண்பகம்மாவின் சிரிப்பு ஷாட்

மே 6

நண்டுத்திட்டில் இறங்கிவிட்டோம். முப்பத்தோரு பேர், ஒரு ஜெனரேட்டர், எட்டுக் கூடாரம், நூற்றிருபது தண்ணீர் கேன். படகில் மூன்று மணி நேரம். பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.

இந்த நாட்குறிப்பு ஒருநாள் புத்தகமாக வரும். 'உங்கள் முதல் படத்தை எப்படி எடுத்தீர்கள் பரஞ்சோதி?' என்று கேட்பார்கள். அன்றைக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கக் கூடாது என்பதால் இன்றே எழுத ஆரம்பிக்கிறேன். பொய் எழுத மாட்டேன். தேவையில்லாததையும் எழுத மாட்டேன். பதினாறு வருஷம் அடுத்தவர் படத்துக்கு உதவி இயக்குநராக ஓடியவனுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரியும்.

தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருபது நிமிஷ நடை. உடைமரம், தாழம்புதர், ஒரு காலத்தில் கருவாடு அடுக்கிவைத்த கூரையில்லாத கல் கட்டடம் ஒன்று. மனிதர் யாரும் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. இங்கே யாரும் என்னிடமிருந்து தப்பித்துப் போக முடியாது.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு சுலபமாகக் கிடைத்தது. படகுக்காரர் மிக்கேல் இறக்கிவிடும்போதே எச்சரித்தார்: "இருபதாம் தேதிக்கு மேல கச்சான் காத்து எறங்கிரும் சார். அப்புறம் யாரு கூப்பிட்டாலும் இங்க வள்ளம் கரை புடிக்காது." இருபதாம் தேதிக்கு மேல் எனக்கும் இங்கே வேலை இல்லை என்றேன்.

மே 7

பூஜை. கற்பூரம் காற்றில் நிற்கவில்லை, நாலாவது முறை பிடித்தது. முதல் ஷாட் ஒரே டேக்கில் ஓகே.

கதையை ஒரு வரி எழுதிவைக்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்காக. எல்லாரும் காலி செய்துவிட்டுப் போன தீவில் ஒரு கிழவி மட்டும் தங்கிவிடுகிறாள். மகன் சின்ன வயதில் பொறுக்கிக் கொடுத்த சங்கைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வருவதற்கு முந்தின நாள் கடற்கரையில் செத்துப்போகிறாள். மறுநாள் வருகிற மகன், மூடிய அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சங்கை எடுக்கிறான். அவ்வளவுதான் படம். அந்தக் கை ஒன்று போதும்.

கிழவியாக நடிப்பவர் செண்பகவல்லி. யூனிட்டுக்குச் செண்பகம்மா. வயது அறுபத்தேழு. இதுவரை முப்பத்தோரு படத்தில் செத்திருக்கிறார். காசநோய், தூக்கு, தீ, மகன் கையால் குத்து, எதையும் விட்டுவைக்கவில்லை. "கல்யாணத்துக்கு ஒரு நாளும் கூப்பிட மாட்டானுங்க தம்பி, சாவுன்னா முதல் போன் எனக்குத்தான்" என்றார். எப்படி அவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறீர்கள் என்று கேட்டேன். "அடக்கக் கூடாது. அடக்கினா கழுத்துல நரம்பு புடைச்சுக் காட்டிக் குடுத்துரும். மெல்ல மெல்ல விட்டுக்கிட்டே இருக்கணும்." சொல்லும்போதே செய்தும் காட்டினார். வயிறு அசையவே இல்லை.

அவருக்கு மேக்கப் டச்சப் பண்ணும் பாக்கியம் தனியே வந்து சொன்னாள்: "அம்மாவுக்கு சுகர் சார். காலைல ஊசி போட்டா ஒரு மணிக்குள்ள சாப்பிட்டாகணும்." குறித்துக்கொண்டேன். இதோ எழுதியும் விட்டேன்.

மே 9

மகனாக நடிக்கும் நிரஞ்சன் நாலு நாள்தான் தேதி கொடுத்திருக்கிறான். ஆகவே செண்பகம்மா சாவதற்கு முன்பே அவர் பிணத்தை எடுத்தோம். சினிமாவில் இதெல்லாம் சகஜம்.

கன்டின்யூட்டி பார்க்கிற மதிவதனா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவள். வலது கை, கட்டை விரல் மேலே, நாலு விரலும் உள்ளே மடங்கி, சங்கின் முனை மட்டும் வெளியே தெரியும்படி. போட்டோ எடுத்து, படம் வரைந்து, தாளில் குறித்துக்கொண்டாள். சாகிற காட்சியை எடுக்கும்போது கை இதே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாது. நிரஞ்சன் விரல்களைப் பிரித்தபோது நிஜமாகவே அழுதுவிட்டான். பிணத்தின் கையில் அப்படி ஒரு பிடி.

ஷாட் முடிந்ததும் லைட்மேன்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். எதற்கென்றால், சிரிப்பு ஷாட். படத்தில் செத்தவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். பிணமாகக் கிடந்த தோஷம் அதோடு கழிந்துபோகுமாம். எந்தக் காலத்துப் பழக்கமோ. செண்பகம்மா படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து, கேமராவை ஓரமாகப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெட்கமும் இருக்கிறது, திமிரும் இருக்கிறது. செத்தவள் ஊரையே ஏமாற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்த மாதிரி. லைட்மேன் துரைக்கண்ணு கை தட்டினார்.

இரண்டு நிமிஷம் வீண். பொறுத்துக்கொண்டேன். முதல் படத்திலேயே லைட்மேன்களைப் பகைத்துக்கொள்கிறவன் முட்டாள்.

மே 10

நிரஞ்சன் மிக்கேல் படகில் போய்விட்டான். போகும்போதும் வாந்தி.

மே 12

இன்றைய தேதியைப் பெரிதாக எழுத வேண்டும். படத்தின் உயிர் இன்றைக்குக் கிடைத்தது.

மாலை ஐந்து மணிக்குக் கடல் வற்றும், அப்போது ஈர மணல் முழுக்க ஆகாயம் தெரியும் என்று மூன்று நாளாகப் பார்த்துவைத்திருந்தேன். செண்பகம்மா அந்த ஈர மணலில் பாதி புதைந்து கிடக்க வேண்டும். சேலையைச் சுற்றி மணல் தானாகச் சேர்ந்த மாதிரி இருக்க வேண்டும், கொட்டின மாதிரி இருக்கக் கூடாது. அதைச் செய்யவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டரைக்குப் படுத்தார். மணலைச் சேர்த்து முடித்த பிறகு அவரை எழுப்பினால் எல்லாம் பாழ். பாக்கியம் இரண்டு தடவை டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். கொஞ்சம் பொறும்மா என்றேன். மேகம் ஒன்று வழிவிடாமல் நின்றது. செண்பகம்மா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "வானம் வரட்டும் தம்பி, நான் எங்க போகப் போறேன்" என்றார். அதுதான் நடிகை.

ஐந்து இருபதுக்கு மேகம் விலகியது. ஆக்‌ஷன் சொன்னேன்.

நாலு நிமிஷம். ஒரே ஷாட். முதலில் உதடு ஏதோ பேச நினைக்கிறது. பேசவில்லை. கண் மூடுகிறது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், அலை வந்து பாதத்தைத் தொட்டுப் போகிறது, கை சங்கை இறுக்கிப் பிடித்தபடி. பிறகு, யாரும் எதிர்பாராத நேரத்தில், விரல்கள் மெல்லத் திறந்தன. சங்கு உருண்டு மணலில் விழுந்தது. ஸ்கிரிப்டில் இல்லை. நான் சொல்லித்தரவில்லை. முகம் அப்படியே தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. நாற்பது வருட அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இப்படி ஒரு விஷயம் அந்த நொடியில் தோன்றும். கேமராமேன் தவ்ஃபீக் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ஓடட்டும் என்று கையைக் காட்டினேன். கட் சொல்ல மனசே வரவில்லை.

சிரிப்பு ஷாட் எடுக்கவில்லை. வெளிச்சம் போய்விட்டது.

செண்பகம்மாவுக்கு வெயிலில் கொஞ்சம் களைப்பு. பாக்கியம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மே 13

செண்பகம்மாவுக்கு ஓய்வு கொடுத்தேன். பறவைகள், நண்டுகள், செட் போட்ட காலி வீட்டின் கதவு, இதையெல்லாம் எடுத்தோம்.

மதிவதனா தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், கை திறந்துருச்சு. நிரஞ்சன் சார் சீன்ல மூடியிருக்கு. ஒட்டாது."

"ஒட்டாட்டி அந்த சீனைத் தூக்கிரலாம்."

"அதுதானே சார் படம்?"

"அது நேத்து வரைக்கும்" என்றேன். மகன் வர வேண்டியதே இல்லை, சங்கு மணலில் கிடக்கும். கிழவி கடைசியில் அவனை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். இது பழைய முடிவைவிட ஒரு படி மேலே. நினைத்துப் பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியவில்லை. மதிவதனா அசையாமல் நின்றாள். "அம்மா இதுவரை ஒரு ஷாட்லகூட கன்டின்யூட்டி விட்டதில்ல சார். நான் சொல்றதுக்கு முன்னாடி அவங்களே வளையலை எண்ணிச் சொல்லுவாங்க" என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு முதல் தடவை உண்டு என்றேன்.

துரைக்கண்ணு வந்து, "சார், அந்தச் சிரிப்பு..." என்று இழுத்தார். நாளைக்கு என்றேன்.

மே 14

ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் ஓடவில்லை. மானிட்டர் வயரை நண்டு கடித்துவிட்டது. ட்ராலியில் ஒருவர் காலை நசுக்கிக்கொண்டார், பெரிய காயம் இல்லை. எல்லாம் அந்தச் சிரிப்பை எடுக்காததால்தான் என்று யூனிட் முழுக்கப் பேச்சு. போன வாரம் சிரிப்பு எடுத்த அன்றும் இதே ஜெனரேட்டர் நின்றதே என்று கேட்டேன்.

மத்தியானம் கணவாய்க் குழம்பு. பிரமாதம்.

மே 15

ஒரு விஷயம். சின்ன விஷயம்தான்.

காலையில் மேக்கப் போட உட்கார்ந்திருந்த செண்பகம்மா என்னைக் கூப்பிட்டார். மதிவதனா அவரிடம் கையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள் போல.

"தம்பி, நான் கையைத் திறந்தேனாமே?"

"அதான்மா இந்தப் படத்துலயே பெரிய விஷயம். அப்படியே உருண்டு விழுந்துச்சு. எனக்குச் சிலிர்த்துருச்சு."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்தவர் பொருளை வாங்கிவைத்த மாதிரி.

"நான் திறக்க மாட்டேனே."

"அந்த நேரத்துல தோணியிருக்கும்மா."

"எனக்குத் தோணாது தம்பி. அந்தப் பையன் வந்து பிரிச்சுட்டுப் போயிட்டான்ல? அப்புறம் நான் எப்படித் திறப்பேன்?" கையை மடியில் வைத்துக்கொண்டார். "அலை வந்து காலைத் தொட்டது ஞாபகம் இருக்கு. அதுக்கு அப்புறம் பாக்கியம் மூஞ்சிதான். நடுவுல ஒண்ணுமில்ல. நான் அதைப் பாக்கணுமே."

அந்த ஷாட் இருக்கிற டிஸ்க்கை மிக்கேலிடம் கரைக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். எப்படியும் அனுப்பத்தான் போகிறேன், அதனால் அதைப் பெரிய பொய் என்று சொல்ல முடியாது.

மே 16

சாப்பாட்டு இடைவேளையில் கல் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, தவ்ஃபீக்கின் லேப்டாப்பில் அந்த ஷாட்டை மூன்று தடவை பார்த்தேன். எடிட்டிங்குக்காகத்தான். ஒளி அருமை. மணல் அருமை. மதிவதனாவின் தாளில் இப்படி இருக்கிறது: '2.10 – விரல்கள் திறந்தன. 2.14 – சங்கு விழுந்தது. 4.02 – கட்.' அவளை நேரம் குறிக்கச் சொன்னது யார் என்று தெரியவில்லை. அது அவள் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

தவ்ஃபீக் பின்னால் நின்றுகொண்டிருந்தான். என்னோடு எட்டுப் படம் வேலை செய்தவன். ஏதோ சொன்னான். அவன் எப்போதும் அப்படித்தான், எதையாவது சொல்வான்.

ஸ்கிரிப்டில் கடைசிப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. இதற்கு விருது உறுதி.

மே 17

காற்று திசை மாறிவிட்டது. கூடாரத் துணி நாள் முழுக்கப் படபடவென்று அடிக்கிறது. தண்ணீர் கொண்டுவந்த மிக்கேல், இருபதாம் தேதி என்று சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டார். "பத்தொம்பதாந் தேதி சாயங்காலம் வாரேன். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல சார்." ஆக இன்னும் இரண்டு நாள். பாக்கி இருப்பது ஒரே காட்சி, படத்தின் முதல் காட்சி. கிழவி கடலோடு சண்டை போடுகிற ஏழு பக்க வசனம். செண்பகம்மாவைத் தவிர அதில் யாரும் இல்லை. அது இல்லாவிட்டால் படமும் இல்லை.

அதை எடுக்க ஒன்பது மணிக்கு எல்லாம் தயார். செண்பகம்மா வரவில்லை.

போய்ப் பார்த்தேன். உடைமரத்து நிழலில் உட்கார்ந்து பாக்கியத்தோடு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மேக்கப் இல்லை.

"அம்மா, லைட் போயிரும்."

"போகட்டும்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு." முறத்தைக் கீழே வைத்தார். "டிஸ்க்கு தவ்ஃபீக் தம்பி பெட்டியில இருக்கு. எனக்கு வயசாயிருச்சே தவிர கண்ணு நல்லாத்தான் தெரியுது. நான் செத்ததை எனக்குக் காட்ட ஏன் இவ்வளவு யோசனை?"

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வருஷம் காத்திருந்து கிடைத்த படம். ஒரு ஷாட்டைக் காட்டவில்லை என்று அடம் பிடித்தால் என்ன செய்வது? முப்பத்தோரு பேர், காற்று, படகு, எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டார்.

"காட்டு. வந்துடறேன்" என்றார். அவ்வளவுதான்.

நாள் முழுக்க யாரும் வேலை செய்யவில்லை. துரைக்கண்ணுவும் ஆட்களும் லைட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டதற்கு, "அம்மா வந்தா நாங்க ரெடி சார்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

மே 18

பொய் எழுத மாட்டேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தேவையில்லாததை எழுத மாட்டேன் என்றும். இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு முதலாவதிலிருந்து நழுவியிருக்கிறேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

கல் கட்டடத்தில் முந்தாநாள் தவ்ஃபீக் சொன்னது இதுதான்: "ரெண்டு பத்துல அது நடிப்பு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது பரஞ்சோதி. அதான் உன்னைப் பாத்தேன். நீயும் என்னைப் பாத்த. உனக்கும் தெரிஞ்சுது."

தெரிந்தது. விரல் திறந்த நொடியிலேயே தெரிந்தது. நான் அவர் கழுத்தைப் பார்த்தேன், நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றதைப் பார்த்தேன். மயங்கிவிட்டார் என்று தெளிவாகத் தெரிந்தது. அதே நொடியில் மனசுக்குள் இன்னொன்றும் ஓடியது: இதைவிட நல்ல சாவு எனக்குக் கிடைக்காது. ஓடட்டும் என்று கையைக் காட்டினேன். பாக்கியம் எழுந்து ஓடிவந்தாள். அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதைப் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் எழுதவில்லை. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கட் சொன்னதும் தவ்ஃபீக்தான் செண்பகம்மாவைத் தூக்கினான். அவர் கண் திறக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. சிரிப்பு ஷாட்டுக்கு வெளிச்சம் இருந்தது, சிரிக்கத்தான் ஆள் இல்லை.

மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உடைமரத்தடிக்குப் போனேன். காட்டினேன். ஓட ஆரம்பித்த பிறகு அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திரையையும் பார்க்கவில்லை. பாக்கியத்தின் மணிக்கட்டைப் பார்த்தேன். தழும்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை திறந்த இடம் வந்ததும் செண்பகம்மா நிறுத்தச் சொன்னார். பின்னால் போய் மறுபடி பார்த்தார். பிறகு கடைசிவரை பார்த்தார். தான் சாய்ந்து கிடப்பதை, பக்கத்தில் யாரும் வராததை, அலை இரண்டு தடவை வந்து போனதை.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் அன்னிக்கு?" என்று பாக்கியத்திடம் கேட்டார்.

"சாப்பிடவே இல்லம்மா."

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தெரிந்தேதான் ஓடவிட்டேன், பாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன், டிஸ்க் விஷயத்தில் பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பத்தோரு படத்துல செத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் படுக்கும்போது எனக்குப் பயமே இருந்ததில்ல. ஏன்னு சொல்லு?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே சொன்னார்:

"கட்டுன்னு ஒருத்தன் சொல்லுவான்னு தெரியும். எவ்வளவு மோசமான டைரக்டரா இருந்தாலும் சொல்லுவான். அதை நம்பித்தான் கண்ணை மூடுறேன்."

பிறகு விரலால் திரையைத் தட்டினார். "இதுவரைக்கும் ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. இது நான் நடிச்சது. நல்லா நடிச்சிருக்கேன், நீ எடுத்துக்க. அதுக்கு மேல இருக்கறது நடிப்பில்ல. அது என் உடம்பு. அதை நான் உனக்குக் குடுக்கல."

"அழிச்சுடறேன்மா."

"இப்பவே அழி. என் முன்னாடி." அழித்தேன். தவ்ஃபீக்கிடம் இருந்த இரண்டாவது பிரதியையும் வரவழைத்து, அதிலும் 2.10-க்கு மேல் இருந்ததை அழித்தேன். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் இத்தனை நேரம் எழுதியதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

"நாளைக்கு வர்றீங்களாம்மா?"

"வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு ஷாட் பாக்கி இருக்கே."

"சிரிப்பு ஷாட்டா? இப்பவே எடுத்துரலாம்."

"எங்க செத்தேனோ அங்கதான் சிரிக்கணும். ஆனா எனக்குச் சிரிப்பு வரணும்ல?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அந்த இடத்துக்கு வா. பழைய சட்டை போட்டுட்டு வா."

மே 19

ஆறு மணிக்கு யூனிட் மொத்தமும் அங்கே இருந்தது. எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ. கேமரா தயாராக இருந்தது. நான் உட்கார்கிற நாற்காலியில் செண்பகம்மா உட்கார்ந்திருந்தார்.

"படு" என்றார்.

படுத்தேன். ஈரம் சட்டைக்குள் இறங்கியது. பாக்கியம் என் வலது கையில் சங்கை வைத்து விரலை மடக்கினாள். மடக்கும்போது கொஞ்சம் அழுத்தினாள், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. மதிவதனா குனிந்து கட்டை விரலைச் சரிசெய்தாள்.

"கண்ணை மூடு. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. மூச்சை அடக்காதே. ஆக்‌ஷன்."

கண்ணை மூடினால் இந்தத் தீவு இவ்வளவு சத்தமானது என்று எனக்குத் தெரியாது. காற்று, அலை, தூரத்தில் ஜெனரேட்டர். ஆள் சத்தம் மட்டும் இல்லை. முதல் நிமிஷம் சுலபம். ஒரு நண்டு முழங்கை மேல் ஏறியது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். நூற்றிருபது வந்தது. நூற்று முப்பது. இதோ இந்த இடத்தில்தான் அவர் கை திறந்தது என்று நினைத்தேன். அலை காலைத் தாண்டி இடுப்புவரை வந்தது. வாயில் உப்புத் தண்ணீர். கட் இல்லை. யூனிட் மொத்தமும் சுற்றி நிற்கிறது, ஒருவரும் அருகில் வரவில்லை. எண்ணிக்கை தவறிப்போனது. அவர் எழுந்து போய்விட்டாரோ என்று தோன்றியது. எல்லாரும் போய்விட்டார்களோ என்று தோன்றியது. நான் பயந்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன், சின்னப் பிள்ளை மாதிரி பயந்துவிட்டேன்.

"கட்."

வாழ்க்கையில் அந்த வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். இவ்வளவு நல்ல வார்த்தை என்று தெரியாது.

கண்ணைத் திறந்தேன். செண்பகம்மா நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நிமிஷம் ரெண்டு செகண்டு" என்றாள் மதிவதனா.

"ம். இப்ப கேமராவைப் பாத்துச் சிரி" என்றார் செண்பகம்மா. "பழக்கத்தை விடக் கூடாது."

சிரிக்கப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் போயிற்று, கண்ணீர் ஒரு பக்கம் போயிற்று, மூக்கிலிருந்து கடல் தண்ணீர் வந்தது. தலை முழுக்க மணல். நண்டு இன்னும் முழங்கையில் இருந்தது. அதை உதறப் போய்த் திரும்பவும் மணலில் விழுந்தேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், அதுவும் நிற்கவில்லை. தவ்ஃபீக் கேமராவை என்னிடமிருந்து திருப்பி அவர் மேல் வைத்தான். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, பன்னிரண்டாம் தேதி தான் கிடந்த இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, முழுசாகச் சிரித்தார். துரைக்கண்ணு கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மதிவதனா தாளில் எழுதியதைப் பார்த்தேன்: 'சிரிப்பு ஷாட் – ஓகே.' அதற்கு மேலே பன்னிரண்டாம் தேதி வரியை அடித்துத் திருத்தியிருந்தாள். '2.10. கை மூடியிருக்கிறது. மகன் காட்சியோடு ஒட்டும்.' ஒட்டத்தான் செய்கிறது. திருத்தி எழுதிய கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். படம் முதலில் நான் நினைத்த படமாகவே இருக்கிறது. அதைக் காப்பாற்றியது நான் இல்லை, மயங்கும்வரை விரலைத் திறக்காத அவர் கை.

எட்டு மணிக்கு முதல் காட்சியை ஆரம்பித்தோம். காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகிறது, அவர் கடலைப் பார்த்து ஏழு பக்கத்தையும் கத்துகிறார். இவர் கத்தியதற்குக் கடலும் பதில் கத்தியது. ஆறு பக்கம் முடிந்தது. ஏழாவது பக்கத்தின் நடுவில் மேகம் கிழிந்து தண்ணீர் முழுக்க வெள்ளி வெயில் பரவியது. ஒரு வாரமாக வராத வெளிச்சம். தவ்ஃபீக் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

பன்னிரண்டே முக்கால். பாக்கியம் டிபன் பாக்ஸோடு கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை.

"கட்" என்றேன். "சாப்பாடு."

செண்பகம்மா திரும்பி ஆகாயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த லைட்டு போயிருமே டைரக்டரே?"

"போகட்டும்மா. நீங்க சாப்பிடுங்க."

போய்த்தான் விட்டது. மீதி அரைப் பக்கத்தைச் சாம்பல் வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டோம், நாலு மணிக்கு மிக்கேல் வந்துவிட்டார். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் வெளிச்சம் சட்டென்று மாறுவது தெரியும். ஏன் என்று கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

அவர் தயிர்சாதம் சாப்பிட்டு முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.